லைவ் ப்ராஜெக்ட் குடுக்குற ஆசிரியர்களுக்கு: மார்க்கை ஹேண்டோவருக்குப் போடுங்க

வெப் டிசைன் பாடம் எடுக்குற, கடைசி வருஷத்துல எங்களை நிஜ கிளையன்ட்கிட்ட அனுப்பி வைக்குற எல்லா ஆசிரியர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

நேரா விஷயத்துக்கே வந்துடறேன். லைவ் ப்ராஜெக்ட்டுக்கு நீங்க போடுற மார்க் பெரும்பாலும் ஸ்க்ரீன்ல தெரியுறதுக்குத்தான் போகுது. ஹோம் பேஜ் எப்படி இருக்கு, மொபைல்ல உடையாம வருதா, கோடு சுத்தமா இருக்கா, பிரசன்டேஷன்ல தடுமாறாம பேசுனாங்களா, இவ்ளோதான். இதெல்லாம் வேணாம்னு சொல்லல. ஆனா நாங்க மார்க் வாங்கிட்டுக் கிளம்புனதுக்கு அப்புறம் அந்த சைட்டை வச்சுக்கிட்டு கிளையன்ட் என்ன பண்ணப் போறாங்கங்கறதுக்கு அந்த ஷீட்ல ஒரு கட்டம் கூட கிடையாது. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், அந்த மார்க்ல பாதியைத் தூக்கி ஹேண்டோவருக்கு, அதாவது சைட்டை முழுசா கிளையன்ட் கையில ஒப்படைக்கறதுக்குப் போடுங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

ஒரு ஏஜென்சின்னா கிளையன்ட்கிட்ட பேச ஒருத்தர், தேதியைப் பாத்துக்க ஒருத்தர், எழுதுறதுக்கு, டிசைனுக்கு, கோடுக்கு, சர்வருக்குன்னு ஆளாளுக்கு ஒரு வேலை இருக்கும். இங்க அத்தனை பேரும் ஒரே ஆள்தான், அந்த ஆளுக்கு வியாழக்கிழமை டெஸ்ட் வேற. நீங்க எங்களுக்குச் சொல்லிக்குடுத்தது அந்த வரிசையில ரெண்டு வேலைதான், டிசைனும் கோடும். மிச்சத்தை "வேலைக்குப் போனா தானா வந்துடும்"னு விட்டுடறீங்க. வரும்தான். ஆனா அது வர்ற வரைக்கும் ஆகுற செலவை யாரு ஏத்துக்குறாங்கன்னு பாருங்க, நம்மளை நம்பி முதல்முறையா ஒரு சைட் போட வந்த கிளையன்ட்தானே.

முதல்ல கன்டென்ட், அதாவது சைட்ல வரவேண்டிய எழுத்தும் படமும். கோடு வராம நின்ன ப்ராஜெக்ட்டை விட கன்டென்ட் வராம நின்ன ப்ராஜெக்ட்தான் நான் அதிகமா பாத்திருக்கேன். முதல் மீட்டிங்ல "எல்லாம் ரெடியா இருக்கு தம்பி, அனுப்பிவிடறேன்"னு சொல்லுவாங்க, சரின்னு நாமளும் லோரம் இப்ஸம்ங்கற அர்த்தமில்லாத நிரப்பு எழுத்தைப் போட்டு டிசைனை ஆரம்பிச்சுடுவோம், மூணு சர்வீஸ், மூணு பாக்ஸ், ஒவ்வொண்ணுலயும் அழகா ரெண்டு வரி. அப்புறம் ஒருவழியா வர்றது என்னன்னா பழைய நோட்டீஸை ஃபோன்ல சாய்வா எடுத்த ஒரு படம், வேர்ட் ஃபைலுக்குள்ள ஒட்டி வச்ச கட்டைவிரல் சைஸ் லோகோ, வாட்ஸ்அப்ல நாலு பேர் கை மாறி நசுங்கிப்போன ஃபோட்டோ. அந்த மூணு சர்வீஸ்ல முதலாவதுக்கு ஒன்றரை பக்கம் எழுதியிருப்பாங்க, ரெண்டாவதுக்கு ஒரே வரி, மூணாவதை "அதை இப்ப நாங்க பண்றதில்ல, எடுத்துடுங்க"ம்பாங்க. மூணு பாக்ஸ் டிசைன் அவ்ளோதான், காலி. கிளையன்ட்டைக் குத்தம் சொல்ல மாட்டேன், அவங்களுக்குத் தொழில் இருக்கு, உக்காந்து எழுதுறது அவங்க வேலை இல்ல, யாரும் அவங்ககிட்ட எது எது வேணும்னு பட்டியல் போட்டுக் கேக்கவும் இல்ல.

இதுக்கு மருந்து ரொம்ப சாதாரணமானது. டிசைன் போடுற ஃபிக்மா சாஃப்ட்வேரைத் திறக்குறதுக்கு முன்னாடி ஒரு ஷீட். பக்கத்தோட பேரு, அதுல என்னென்ன வரணும், யாரு எழுதறாங்க, எந்தப் படம், எந்தத் தேதிக்குள்ள. கீழ ஒரு வரி, கன்டென்ட் எத்தனை நாள் தள்ளுதோ லான்ச்சும் அத்தனை நாள் தள்ளும். இந்த ஷீட்டை ரெண்டு பேரும் பாத்து சரின்னு சொன்னதுக்கு அப்புறம்தான் டிசைன். இப்ப உங்க ரிவ்யூ எப்படி நடக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க, முதல் ரிவ்யூலயே ஹோம் பேஜோட மாதிரிப் படத்தை, அதான் மாக்கப், கேக்குறீங்க. கன்டென்ட் கையில இல்லாம மாக்கப் காட்டச் சொன்னா நாங்க லோரம் இப்ஸம் போடாம வேற என்ன பண்றது? முதல் ரிவ்யூல அந்த ஷீட்டை மட்டும் கேளுங்க, படம் அடுத்த ரிவ்யூல வரட்டும்.

தேதி விஷயமும் இதோட ஒட்டுனதுதான். கிளையன்ட்டுக்கு நம்ம செமஸ்டர் காலண்டர் தெரியாது, தெரியணும்னு அவசியமும் இல்ல. ஆனா எந்த வாரம் பரீட்சை, எந்த வாரம் ஆளே இருக்க மாட்டோம்னு முதல் நாளே எழுதிக் குடுத்துட்டா பாதி கோபம் வராது. எழுதாம விட்டா லான்ச் வாரத்துல நாம ஃபோனை சைலன்ட்ல போட்டுட்டு ஹால்ல உக்காந்திருப்போம், அங்க அவங்க "பையன் ஆளே காணோம்"னு உங்களுக்கே ஃபோன் அடிப்பாங்க. இதுல உங்க பக்கமும் ஒண்ணு இருக்கு, எல்லா டீமுக்கும் ஒரே நாள் ஃபைனல் சப்மிஷன் வைக்குறதால எல்லா சைட்டும் அந்த வாரம்தான் லைவ் ஆகுது, அடுத்த வாரமே லீவு, லைவ் ஆன முதல் பதினைஞ்சு நாள்ல வர்ற பிரச்சனையைப் பாக்க ஒருத்தரும் ஊர்ல இல்ல. ஃபார்ம்ல போட்ட மெசேஜ் ஸ்பாம் ஃபோல்டருக்குப் போகுதுன்னு கண்டுபிடிக்கவே சில நாள் ஆகும். லான்ச்சை சப்மிஷனுக்கு மூணு நாலு வாரம் முன்னாடி இழுத்து வைங்க, அந்த மூணு நாலு வாரமும் பராமரிப்பு, அதுக்கும் மார்க்.

அடுத்தது "ஒரு சின்ன சேஞ்ச்". ராத்திரி பத்தரைக்கு வாய்ஸ் நோட்டுல வரும். கான்டாக்ட் பேஜ்ல ஒரு புக்கிங் பட்டன் மட்டும் போட்டுடு, அவ்ளோதான். பட்டன் போட பத்து நிமிஷம்தான். அதை அமுக்குனதும் என்ன ஆகணும்ங்கறதுல இருக்கு வேலை. எந்த நேரம் காலியா இருக்குன்னு எங்கிருந்து தெரியும், ஒரே நேரத்துக்கு ரெண்டு பேர் போட்டா யாருக்கு, கன்ஃபர்மேஷன் மெயில் யாரு அனுப்புறது, கேன்சல் பண்ணா என்ன, வந்தவங்களோட பேரு ஃபோன் நம்பர் எல்லாம் எங்க சேருது, அதை யாரெல்லாம் பாக்கலாம், எத்தனை நாள் வச்சிருக்கலாம். அந்த ஒரு பட்டனுக்குப் பின்னாடி தனியா ஒரு ப்ராஜெக்ட்டே இருக்கு. இதை கிளையன்ட்கிட்ட இப்படியே வரிசையா கேட்டுட்டா அவங்களே "அப்போ ஃபோன் நம்பரை மட்டும் பெருசா போட்டுடு"ன்னு சொல்லிடுவாங்க, நான் பாத்திருக்கேன். அதனால முடியாதுன்னு சொல்லக் கத்துக்கறதுக்கு முன்னாடி கேள்வி கேக்கக் கத்துக்குடுங்க, அதுக்கு ஒரு கிளாஸ் ஒதுக்குங்க, ஒருத்தர் கிளையன்ட்டா நடிச்சு ஒருத்தர் பதில் சொல்லி, சிரிப்பா இருந்தாலும் பரவால்ல.

வாய்ஸ் நோட்டைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். போன மாசம் அவங்க எந்த கலர் சொன்னாங்கன்னு வாய்ஸ் நோட்டுக்குள்ள தேடிப் பாத்தவங்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். ஒவ்வொரு பேச்சுக்கும் அப்புறம் அஞ்சு வரி மெயில் போடுறது பழக்கமா இருக்கணும். "இன்னைக்குப் பேசுனதுல முடிவானது: கேலரி பேஜ் வேணாம், ஃபோன் நம்பர் எல்லா பக்கத்துலயும் மேல வரும், ஃபோட்டோ வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க அனுப்புறீங்க, டிசைன்ல ரெண்டாவது ரவுண்டு திருத்தம் இதோட முடிஞ்சது, இதுல ஏதாவது மாறியிருந்தா நாளைக்குள்ள சொல்லுங்க." இந்த அளவு போதும். பிற்பாடு தகராறுன்னு வந்தா நம்மளைக் காப்பாத்துறது இந்த மெயில்தான், எவ்ளோ நல்ல டிசைனும் காப்பாத்தாது. திருத்தம் எத்தனை ரவுண்டு, முடிவு சொல்ற ஒரே ஆள் யாரு, இந்த ரெண்டும் ஆரம்பத்துலயே எழுத்துல இருக்கணும். முடிவு சொல்ல ரெண்டு பங்குதாரர் இருந்து, ஒருத்தருக்கு நீலம் இன்னொருத்தருக்கு மெரூன்னு ஆகிட்டா, நடுவுல நிக்குற இருபது வயசு ஸ்டூடன்ட் யாரை எதுத்துப் பேச முடியும் சொல்லுங்க.

எதுத்துப் பேச முடியுற ஒரு இடமும் இருக்கு, அதை நீங்க நல்லாவே சொல்லிக்குடுத்தீங்க, நன்றி. வெள்ளைப் பின்னணியில வெளிர் மஞ்சள் எழுத்து வேணும், எங்க லோகோ கலர் அதுதான்னு கேட்டா, "நல்லா இல்ல சார்"னு சொன்னா அது ரசனைச் சண்டையா போயிடும். அதுக்குப் பதிலா வெப்புக்குப் பொது விதிமுறை வகுக்குற டபிள்யூ3சி அமைப்போட வெப் அணுகல் நெறிமுறையை எடுத்துக் காட்டலாம், சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வித்தியாசம், குறைஞ்சது 4.5-க்கு 1 இருக்கணும், பெரிய எழுத்துன்னா 3-க்கு 1. 2008-ல வந்த பதிப்புலயே இது இருக்கு, 2023-ல வந்த 2.2 பதிப்புலயும் அதே நம்பர்தான். கான்ட்ராஸ்ட் அளக்குற செக்கர்ல அவங்க கண்ணு முன்னாடியே அந்த மஞ்சளைப் போட்டா ஒண்ணு சொச்சம்னு காட்டும், வெயில்ல ஃபோனைப் புடிச்சு ஒருதடவை படிச்சுப் பாக்கச் சொன்னா விஷயம் முடிஞ்சது. ஹோம் பேஜ் மேல முழு சைஸ் கேமரா ஃபோட்டோ நாலைச் சுத்தவிடுன்னு கேக்கும்போதும் இதே வழிதான். பக்கத்துல பெருசா தெரியுற பொருள் 2.5 வினாடிக்குள்ள வந்துடணும்னு கூகுளோட அளவுகோல் இருக்கு, ஃபோன்லயே டெஸ்ட் ஓட்டிக் காமிச்சா ஃபோட்டோ நாலு ஒண்ணாகிடும்.

காப்பிரைட் பத்தி கிளாஸ்ல ஒரு ஸ்லைடு வந்துச்சு, போயிடுச்சு. 1886-ல போட்ட பெர்ன் ஒப்பந்தத்துல சேந்த நாடுகள்ல ஒரு படைப்புக்கு உரிமை கிடைக்க எங்கயும் பதிவு பண்ணத் தேவையில்ல, உருவாக்குனதுமே தானா வந்துடும். அதுக்கு ரெண்டு பக்கமும் அர்த்தம் இருக்கு. கூகுள்ல தேடி எடுத்த படத்துல வாட்டர்மார்க் இல்லைங்கறதால அது நம்மளது ஆகிடாது. அதே மாதிரி நாம போட்ட டிசைன் யாருக்குச் சொந்தம்னு எழுதிக்கலைன்னா, நாளைக்கு கிளையன்ட் வேற ஆளை வச்சு மாத்தலாமா, நாம நம்ம போர்ட்ஃபோலியோவுல காட்டலாமா, எல்லாமே இழுபறிதான். படைச்சவங்களே மத்தவங்களைப் பயன்படுத்த விடுற கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ல வணிகப் பயன்பாட்டுக்குக் கூடாதுன்னு ஒரு வகை இருக்கு, காலேஜ் அசைன்மென்ட்டுக்கு ஓகேவான படம் கிளையன்ட் சைட்டுக்கு ஓகே இல்ல. ஃபான்ட்லயும் கம்ப்யூட்டர்ல போட்டுக்க ஒரு லைசென்ஸ், வெப்சைட்ல ஏத்த தனி லைசென்ஸ்னு பல கம்பெனிங்க வச்சிருக்காங்க. லைசென்ஸ் நோட்டீஸ் வந்தா அது கிளையன்ட் பேருக்குத்தான் வரும், மார்க் போட்ட உங்களுக்கு வராது.

இப்ப உண்மையான பிரச்சனைக்கு வர்றேன், இதுக்காகத்தான் இந்த மடலே. டொமைன், அதாவது சைட்டோட முகவரிப் பேரு, யாரு பேர்ல இருக்கு?

பெரும்பாலான டீம்ல நடக்குறது இதுதான். கிளையன்ட்டுக்கு அது என்னன்னே தெரியாது, "நீயே பாத்துப் போட்டுடுப்பா"ம்பாங்க, டீம்ல ஒருத்தர் தன்னோட அக்கவுன்ட்லயே வாங்கிடுவாங்க, அதுவும் காலேஜ் மெயில் ஐடியைக் குடுத்து, ஸ்டூடன்ட்டுக்கு ஏதாவது சலுகை இருக்கும்னு. படிப்பு முடிஞ்சு கொஞ்ச நாள்ல காலேஜ் அந்த மெயிலை மூடிடும். ஒரு வருஷம் கழிச்சு ரினியூ பண்ணுங்கன்னு வர்ற நோட்டீஸ் அத்தனையும் யாருமே திறக்க முடியாத இன்பாக்ஸுக்குப் போகும். காலாவதி ஆனா உடனே போயிடாது, டாட் காம் மாதிரி டொமைனுக்கெல்லாம் முதல்ல ரெஜிஸ்ட்ரார், அதாவது டொமைனை வித்த கம்பெனி, குடுக்குற கொஞ்ச நாள் சலுகை இருக்கும், அது ஆளுக்கு ஆள் மாறும், அப்புறம் அழிச்சுட்டாங்கன்னா மீட்கறதுக்கு 30 நாள், அதுக்கு தனியா பெருசா ஒரு கட்டணம், அப்புறம் யாரும் தொட முடியாத 5 நாள் பென்டிங், அதுக்கு மேல யாரு வேணா எடுத்துக்கலாம். அந்தப் பேரைத்தான் கிளையன்ட் போர்டுலயும் விசிட்டிங் கார்டுலயும் அடிச்சு வச்சிருப்பாங்க. சைட்டைத் திருப்பி ஒரு வாரத்துல கட்டிடலாம், கை மாறிப்போன பேரை என்ன பண்ணுவீங்க?

அடுத்தவங்க பேர்ல பத்திரம் பதிஞ்சு வீடு கட்டுற மாதிரிதான் இது, செவரு எவ்ளோ அழகா இருந்தா என்ன.

இன்னொண்ணும் சொல்றேன், இது கிளாஸ்ல யாரும் சொல்லாதது. கிளையன்ட்டுக்கு ஏற்கனவே டொமைனும் அதுல ஆபீஸ் மெயிலும் இருக்கு, நம்ம புது ஹோஸ்டிங்குக்கு, அதாவது சைட்டை வச்சிருக்குற சர்வருக்கு மாத்தணும். ஹோஸ்டிங் கம்பெனி அனுப்புன மெயில்ல "நேம்சர்வரை இப்படி மாத்துங்க"ன்னு இருக்கும், நாமளும் மாத்திடுவோம், சைட் ஜோரா வரும், குரூப்ல எல்லாரும் கை தட்டுவாங்க. மறுநாள் மத்தியானம் கிளையன்ட் கூப்பிடுவாங்க, நேத்துல இருந்து ஒரு மெயிலும் வரலையே. ஏன்னா நேம்சர்வரை மாத்துனா சைட் மட்டும் மாறாது, அந்த டொமைன்ல எது எங்க இருக்குன்னு சொல்ற எல்லா டிஎன்எஸ் ரெக்கார்டும் புது இடத்துல இருந்துதான் படிக்கப்படும், மெயில் எங்க போகணும்னு சொல்ற எம்எக்ஸ் ரெக்கார்டு அங்க இல்லன்னா மெயில் அம்போ. சைட் எந்த சர்வர்ல இருக்குன்னு சொல்ற ஏ ரெக்கார்டை மட்டும் மாத்தியிருந்தா வேலை முடிஞ்சிருக்கும். இல்ல மாத்துறதுக்கு முன்னாடி பழைய ரெக்கார்டு எல்லாத்தையும் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அப்படியே அங்க போட்டிருக்கலாம். எத்தனை சிஎஸ்எஸ் அனிமேஷன் தெரிஞ்சாலும் இந்த ஒரு விஷயம் தெரியலைன்னா ஒரு ஆபீஸோட ஒரு நாள் வியாபாரம் நம்ம கையால போகும்.

அப்புறம் பாஸ்வேர்டு. சைட்டை நிர்வகிக்குற வேர்ட்பிரஸ் சாஃப்ட்வேரோட அட்மின் அக்கவுன்ட் டீம் லீடர் பேர்ல, பேக்கப் இன்னொருத்தர் டிரைவ்ல, ஃபார்ம் மெயில் மூணாவது ஆளோட ஐடிக்கு. அதுல கூடுதலா சேத்த பிளகினுக்கு அப்டேட் யாரும் பண்றதில்ல, அதுல ஒரு ஓட்டை விழுந்தா சைட்ல கண்ட விளம்பரம் வரும். சைட் பாதுகாப்பானதுன்னு பிரவுசருக்குக் காட்டுற இலவச எஸ்எஸ்எல் சான்றிதழ் லெட்ஸ் என்க்ரிப்ட்ங்கற அமைப்புல அதிகபட்சம் 90 நாளைக்குத்தான், தானா புதுப்பிக்கற ஏற்பாடு எங்கயாவது அறுந்துட்டா பிரவுசர் சிவப்பா எச்சரிக்கை காட்டும், வர்றவங்க பயந்து ஓடிடுவாங்க. இதுல எதுவுமே உங்க ஃபைனல் ரிவ்யூ அன்னைக்குத் தெரியாது, அன்னைக்கு எல்லாமே பளபளன்னு இருக்கும்.

காசு பத்தி ரெண்டு வார்த்தை, அதுக்கு மேல வேணாம். கிளையன்ட் காசு தர்றாங்களா இல்லையாங்கறது அவங்க நிலைமையைப் பொறுத்தது, சின்ன அமைப்புக்கு இலவசமா பண்றதுல எங்களுக்கு வருத்தம் இல்ல. ஆனா டொமைன், ஹோஸ்டிங் கட்டணத்தை எந்தக் காரணத்துக்காகவும் ஸ்டூடன்ட் கார்டுல போடக் கூடாதுன்னு நீங்க ஒரு விதி போடுங்க. அது கிளையன்ட் கார்டு, கிளையன்ட் அக்கவுன்ட், கிளையன்ட் மெயில், நாங்க பக்கத்துல உக்காந்து கிளிக் எங்கன்னு காட்டுறதோட சரி. இந்த விதியை நாங்களா சொன்னா "சின்னப் பசங்க நம்பிக்கை இல்லாம பேசுது"ன்னு தோணும், டிபார்ட்மென்ட் லெட்டர்ஹெட்ல வந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கன்டென்ட் தேதி, திருத்த ரவுண்டு, முடிவு சொல்ற ஆள், யாருக்கு எந்த உரிமை, எல்லாம் ஒரே பக்கத்துல அந்த லெட்டரோட போகட்டும்.

ஃபைனல் வைவா எப்படி இருக்கணும்னு என்கிட்ட கேட்டா, கிளையன்ட்டை வரவழைங்க. வர முடியலைன்னா வீடியோ கால்ல. நாங்க யாரும் கீபோர்டைத் தொடக்கூடாது. அவங்களே லாகின் பண்ணி "நாளை விடுமுறை"ன்னு ஒரு அறிவிப்பைப் போடட்டும், ஒரு ஃபோட்டோவை மாத்தட்டும், டொமைன் எந்தத் தேதி முடியுதுன்னு அவங்க அக்கவுன்ட்ல இருந்தே காட்டட்டும், பேக்கப் எங்க இருக்குன்னு சொல்லட்டும். அவங்க தடுமாறுற ஒவ்வொரு இடத்துலயும் எங்க மார்க்கைக் குறைங்க. அந்த பயம் ஒண்ணு இருந்தாலே மெனுவுல நாங்க போடுற பேரு மாறும், அட்மின் பேனல்ல தேவையில்லாத பதினஞ்சு ஐட்டம் மறைஞ்சுடும், ரெண்டு பக்கத்துல படம் போட்ட ஒரு வழிகாட்டி தானா தயாராகும்.

நீங்க சொல்லப்போறது எனக்குத் தெரியும், சிலபஸ்ல இடமில்ல, வெளியில இருந்து வர்ற எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ஒத்துக்க மாட்டார், இது டிசைன் படிப்பா மேனேஜ்மென்ட் படிப்பா. மூணாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்றேன். கிளையன்ட்டால மாத்த முடியாத, அவங்களுக்குச் சொந்தமில்லாத ஒரு சைட்டை டிசைன் பண்ணது நாங்கதான், அப்போ அது டிசைன் தப்புதானே? முதல் ரெண்டுக்கும் வழி உங்ககிட்டதான் இருக்கு, இன்டர்னல் மார்க் முழுசா உங்க கையிலதான். இன்னொரு யோசனையும் இருக்கு, பிடிச்சா எடுத்துக்கோங்க. எங்க சைட்டை அடுத்த பேட்ச் ஜூனியர்ஸ்கிட்ட ஒரு செமஸ்டர் பராமரிப்புக்குக் குடுங்க. நாங்க எழுதி வச்ச குறிப்பு போதுமா போதாதான்னு அவங்க ரெண்டாவது நாளே சொல்லிடுவாங்க, எங்களைத் திட்டவும் அவங்களுக்கு உரிமை இருக்கு.

ஒரு பக்க ஒப்பந்தம், கன்டென்ட் ஷீட், ஹேண்டோவர் பட்டியல் மூணையும் நானும் என் டீமும் டைப் பண்ணி வச்சிருக்கோம். அடுத்த பேட்ச்சுக்கு கிளையன்ட் பட்டியல் ஒட்டுறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் குடுத்தீங்கன்னா பிரின்ட் எடுத்துட்டு வந்து காட்டுறோம், எதை அடிக்கணுமோ சிவப்பு மையால அடிச்சுக் குடுங்க, அன்னைக்கு சாயங்காலமே திருத்தித் தந்துடறோம்.

இப்படிக்கு,
கடைசி வருஷ வெப் டிசைன் ஸ்டூடன்ட் ஒருத்தன்